காலியாகாத ஃபோல்டர்

முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் ஃபோல்டர்களை ஒன்றரை நிமிடத்தில் அழித்த புரோகிராம், கடைசி ஒன்றில் மட்டும் நின்றுகொண்டது. காலியாக இல்லை, அழிக்க முடியாது என்றது. கார்குழலி திறந்து பார்த்தாள். சற்றுமுன் காலியாகிவிட்டிருந்த ஃபோல்டருக்குள் ஒரு வீடியோ இருந்தது.

ரெட்டியார்பாளையத்தில், வீடுகளுக்குக் கேமரா மாட்டிக்கொடுக்கும் சிறிய அலுவலகம் அது. சேவையை நிறுத்தியவர்களின் பழைய பதிவுகளைத் துடைக்க ரஸ்ட் என்ற கணினி மொழியில் அவளே அந்தப் புரோகிராமை எழுதியிருந்தாள். அது அழிப்பது குப்பைத் தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். அழிய மறுத்தது நெல்லித்தோப்பு ஜெரெமியின் வீடு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், தனியாக வசிப்பவர், மகள் விர்ஜினி பிரான்சில். அங்கிருந்த கேமராவை ஜனவரியிலேயே கழற்றியாயிற்று. கழற்றி வந்த ஊழியன் செம்மலிடம் கேட்டதற்கு அவன் அலமாரியைத் திறந்து காட்டினான். ஒயர் சுற்றியபடி, தூசி படிந்து, கேமரா உள்ளேயே இருந்தது.

வீடியோவில் இன்றைய தேதி. வெளியே மழை கொட்டும் இரைச்சலும், எண்ணெய் காணாத மின்விசிறியின் கிறீச்சும் மாறிமாறிக் கேட்க, ஈரம் ஊறி உப்புப் பூத்த சுவர்களுக்கு நடுவே சாய்வு நாற்காலியில் ஜெரெமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்; அவருக்குப் பின்னால் காலண்டர், ஜன்னல், தெருக்கதவு. அழித்தாள். உடனே இன்னொன்று வந்தது. அதில் காலண்டர் இல்லை. ஆணியும் இல்லை. ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை.

கழற்றி வைத்திருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலியாகும்வரை அழித்துக்கொண்டே இரு என்று புரோகிராமில் ஒரு வரியைச் சேர்த்து ஓடவிட்டு, டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது நாற்பத்தொரு முறை அழித்திருந்தது. புதிதாக வந்திருந்ததை ஓட்டினாள். நாற்காலி இல்லை. விசிறி இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் வெறும் சுவர். ஜெரெமி அதை உள்ளங்கையால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

புரோகிராமை நிறுத்தினாள். அதற்குள் நாற்பத்திரண்டு.

கதவும் இல்லை.

பழைய விண்ணப்பத்தில் விர்ஜினியின் எண் இருந்தது. கேமரா அலுவலகத்திலிருந்து பேசுவதாக மட்டும் சொல்லி, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

"இப்பதான் போன் பண்ணாரு. ஜன்னல் எங்க போச்சுன்னு கேக்குறாரு. வயசாயிடுச்சி, ஒளர்றாருன்னு நெனச்சேன்." விர்ஜினியின் குரல் இறங்கியது. "அப்புறம் கதவு எங்கன்னாரு. பேசிக்கிட்டே இருக்கும்போது கட் ஆயிடுச்சி. நீங்க அங்க என்னங்க பண்றீங்க?"

கார்குழலி போனை வைத்தாள். அழிந்ததை மீட்கத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். டிஸ்க்கில் ஒன்றும் மிச்சமில்லை. செம்மலின் வண்டியில் ஏறி நனைந்துகொண்டே நெல்லித்தோப்புக்குப் போனாள்.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி குடையோடு தெருவில் நின்றிருந்தாள். அவள் வீட்டுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் வழவழவென்று ஒரு மஞ்சள் சுவர். ஒரு விரிசல் இல்லை. "மத்தியானம்கூட இங்க கதவு இருந்துச்சிம்மா," என்றாள்.

கார்குழலி சுவரில் காதை வைத்தாள்.

தட்டும் சத்தம். மெதுவாக. மகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி.

செம்மல் கடப்பாரை வாங்கி வந்து இடித்தான். இரண்டு செங்கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. வெளிச்சம் வந்தது. குனிந்து பார்த்தாள்.

பின்தெரு. மழை. நனைந்து நிற்கும் ஒரு மாடு.

கூடம் இல்லை. வீடே இல்லை. ஒரு சாண் கனச் சுவர் மட்டும்.

அந்த ஒரு சாணுக்குள்ளிருந்து ஜெரெமி தட்டிக்கொண்டே இருந்தார்.