ஓடையைப் படம் பிடித்தவன்

பாலத்தருகே நீலகிரித் தைல மரத்தில் ஒரு பச்சைப் பெட்டி கட்டியிருப்பதை ஜூடித் முதலில் கவனிக்கவில்லை. 'க்ளிக்' என்று சத்தம் கேட்டதும்தான் நிமிர்ந்தாள். பெட்டியின் நடுவே ஒரு கண்ணாடி வட்டம்... கேமரா!

பெங்களூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்த களைப்பு, அடுத்த வாரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற எரிச்சல், எதற்கென்றே தெரியாமல் சில மாதங்களாக நெஞ்சைக் குடையும் தவிப்பு... எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தன. பெட்டியைக் கட்டியிருந்த பட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு. பெட்டி பாறையில் விழுந்து கண்ணாடி விரிசல் விட்டது.

"ஏங்க... இன்னா பண்றீங்க?"

ஓடைக்குள்ளிருந்து ஒருவன் முழங்கால்வரை சுருட்டிய பேண்ட்டோடு ஏறி வந்தான்.

"பொம்பளைங்க போற வழில கேமரா கட்டிவெச்சிட்டு என்னையே கேக்கறீங்களா? வெக்கமா இல்ல?"

பாலத்தில் போன இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். அவன் முகம் சுருங்கியது.

"அது உங்களப் பாக்கலைங்க. அதோ, அத்தப் பாக்குது." ஓடையின் நடுவே எண்கள் எழுதிய வெள்ளைப் பலகை ஒன்று நின்றது. "பத்து நிமிஷத்துக்கு ஒரு படம். தண்ணி எந்த நம்பர் வரைக்கும் ஏறுதுன்னு படத்துல பாத்து, எவ்ளோ ஓடுதுன்னு கணக்குப் போடுவோம். பெரிய மழைல எவ்ளோ வருதுன்னு முனிசிபாலிட்டில காட்டினாத்தான் கால்வாய் கட்டுவாங்க. சேறு யாரு வூட்டுக்குள்ள பூருதுன்னு தெரியுமா?"

தெரியும். மூடிய சுரங்கத்தின் கழிவு மண் மேட்டைக் கரைத்துக்கொண்டு ஓடை இறங்குவது அவள் வீடு இருக்கும் லைனுக்குள், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசைக்குள்தான்.

"இது ரிப்பேர் ஆகி வர்ற வரைக்கும் மழை வராம இருக்கணும்னு வேண்டிக்குங்க."

ஸாரி என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் அந்த இரண்டு பேரும் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்களே... விழுங்கிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

மறுநாள் காலை அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் எதிர் இருக்கையில் அவன்! மடியில் அந்தப் பெட்டி.

"நாகேஷ். ஆண்டர்சன்பேட்டை. இன்னும் சந்தேகம்னா பாத்துக்குங்க" என்று போனை நீட்டினான். காலை ஓடை, மத்தியான ஓடை, மாடு குடிக்கும் ஓடை...

"மனுஷங்க வந்தா அந்தப் படத்த அழிச்சிடுவோம்."

"அப்ப... நான் வந்த படம்?"

"அழிச்சாச்சு."

அது ஏன் ஏமாற்றமாக இருக்க வேண்டும்? தன்மேலேயே கோபம் வந்தது அவளுக்கு.

"உங்களப் படம் எடுக்கணும்னா மரத்துல ஏங்க கட்டணும்? நேரா உங்களையே கேட்டிருப்பேனே!"

சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் சுட்டது. சிரிக்கும்போது அவன் கண்கள் மட்டும் முதலில் சிரிக்கின்றன... ச்சே, இதையெல்லாம் எதற்குக் கவனிக்கிறாள்?

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும்.

"ஏன், போன்ல எடுத்தா ஆகாதா?" என்றாள் ஒருநாள், ஏதோ கேட்க வேண்டுமே என்று.

"ஆகுமே. அதே மரத்தடில நின்னு, பலகை தெரியற மாதிரி எடுக்கணும். எடம் மாறினா கணக்கும் மாறிடும்."

ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மன்னிப்பு தினமும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா ஆபிரகாமின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சுரங்கம் மூடியபின் பெங்களூரில் காவலாளி வேலை பார்த்து அவளைப் படிக்க வைத்தவர். "இந்தச் சேத்துல நீயும் கெடக்க வேணாம்மா" என்பார் அடிக்கடி.

அப்போது தகரக் கூரையில் சடசடவென்று மழை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது கொட்டித் தீர்க்கும் மழையாகிவிட்டது. ஜூடித்தால் உட்கார முடியவில்லை. மரத்தில் கேமரா இல்லை... இல்லாமல் செய்தவள் அவள்! குடையை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக ஓடினாள்.

ஓடை செம்மண் நிறத்தில் சீறிக்கொண்டிருந்தது. மரத்தடியில் நின்று, குடையைப் போனுக்குப் பிடித்து, தான் நனைந்தபடி எடுத்தாள். ஒரு படம்... இன்னொரு படம்... பலகையின் எண்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் போயின.

நெடுநேரம் கழித்து நாகேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தான். "தண்ணில பைக் நின்னுபோச்சு, எல்லாம் போச்சுன்னு நெனைச்சேன்..." என்றவன் அவளைப் பார்த்து நின்றுவிட்டான்.

"தண்ணி ஏறினதுலேர்ந்து எல்லாம் இதுல இருக்கு." போனை நீட்டினாள். "ஸாரி. அன்னிக்கே சொல்லியிருக்கணும்... வூட்ல மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ஒக்காந்திருக்காங்க. நான் இங்க நிக்கறேன்."

"ஏன்?"

"தெரியல... தெரியும். நீங்க சொல்லுங்க மொதல்ல."

அவன் ஈரத் தலையைக் கோதிக்கொண்டான். "கேமராவ ரிப்பேருக்குக் குடுக்கப் போனது மொத நாள் மட்டுந்தாங்க. மத்த நாளெல்லாம்... எனக்கு பெங்களூர்ல வேலையே இல்ல. நீங்க வர்ற ரயில் பொட்டின்னுதான் ஏறினேன்."

மழைச் சத்தத்தில் அவளுக்குத் தன் இதயம் மட்டும் தனியாகக் கேட்டது.

"ஜூடித்!"

பாலத்தின்மேல் குடையோடு அப்பா. அருகில் வந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா இது? அவங்க காத்துக்கினு இருக்காங்க..."

ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடவில்லை. "அப்பா, இவரு நாகேஷ். எனக்கு இவரத்தான் புடிச்சிருக்கு. அங்க வந்து ஒக்காந்தா அவங்களுக்கு நான் பொய் சொல்ற மாதிரிப்பா."

ஆபிரகாம் ஒருமுறை ஓடையைப் பார்த்தார். பிறகு, "நீ இன்னாப்பா சொல்ற?" என்றார் அவனிடம்.

"எனக்கும் இவங்களத்தாங்க புடிச்சிருக்கு." "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, எங்க வூட்ல கோயிலுக்குப் போறவங்க. ஆனா அவங்ககிட்ட நானே பேசுவேங்க."

அப்பா பெருமூச்சு விட்டார். குடையை மகளின் தலைக்கு மேல் நகர்த்தினார். "சரி, வூட்டுக்கு வாங்க ரெண்டு பேரும். அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் நடந்தார். நாகேஷ் ஜூடித்தைப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நாளைக்கும் அதே பொட்டிலதான் ஏறுவேன்... டிக்கெட் எடுத்துடு."