உலர்த்திய கை

குழந்தை தமிழ்மதி மார்பில் வாய் வைத்தாள், ஒரு மடக்கு உறிஞ்சினாள், உடனே முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள்.

பானுப்ரியா மறுபக்கம் மாற்றிப் பார்த்தாள். அதற்கும் அதே கதிதான். காலையில் அம்மா கிளம்பும்வரை விட மாட்டேன் என்று தொங்கிய பிள்ளை, இப்போது அம்மாவின் கை பட்டாலே விறைத்துக்கொண்டு அலறினாள். திண்டுக்கல்லின் சாயங்காலப் புழுக்கத்தில் வீடு அவிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசனையையும் தெருவில் நின்ற தண்ணீர் லாரியின் புகையையும் தாண்டி, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த நெய்ச்சட்டியைத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை மூக்கில் ஏறியது. விரல்களை முகர்ந்தாள். வாடை அவற்றிலிருந்துதான்.

"நல்லாக் குளிச்சிட்டு வா," என்றான் கணவன் அழகுராஜா. "காலையிலருந்து பாட்டில் பாலும் குடிக்கல. உதடெல்லாம் காஞ்சு போச்சு பாரு."

"ரெண்டு தடவ குளிச்சிட்டேன். சோப்பு நுரையே வரல, நான் என்ன செய்ய?"

எல்லாம் இன்று பகலில் அந்தக் கல்லைத் தொட்டதால் வந்த வினை. நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குள் அது கிடந்தது. பானுப்ரியா நேர்ச்சைக் கல்வெட்டுகளைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள். அரசன் வெட்டிய கல்வெட்டு அவன் பெருமையைச் சொல்லும். ஊரார் வெட்டியதுதான் அவர்கள் எதைக் கும்பிட்டார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று சொல்லும் என்பது அவள் கட்சி. கோயிலும் இல்லாமல் சிலையும் இல்லாமல், வெறும் கல்லுக்கு ஒரு ஊரே நெய் நேர்ந்திருக்கிறது என்றால் விடுவாளா?

ஆனால் கல்லைப் பார்த்ததும் ஆசை பாதி செத்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஊற்றிய நெய்யும் எண்ணெயும் கறுத்து இறுகித் தடித்த தோலாகப் படிந்திருந்தன. அதற்குள் ஈக்கள், முடி, ஒரு பல்லியின் வால். கரண்டியால் சுரண்டினால் அடியில் மஞ்சளாக, மெத்தென்று, வெதுவெதுப்பாக வந்தது. நிழலில் கிடக்கும் கல்லுக்கு ஏது சூடு என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வழித்துப் போட்டாள்.

தோப்புக்காரி பொன்னழகு எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து நின்றாள். "ஏனுங்க, தொடச்சுப்போட்டு அப்படியே போயிராதீங்க. தொடச்ச கையே ஊத்தோணும். கல்லு காயக் கூடாதுங்க."

"நாளைக்கு இன்னொரு படி எடுக்கணும்ங்க. எண்ணெ பட்டா தாள் ஒட்டாது. முடிச்சிட்டு ஊத்துறேன்."

படி எடுப்பவர்கள் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்துக்குள் இறங்கும்படி தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்ற வேண்டும். பிசுக்கு இருந்தால் எல்லாம் பாழ். கல்லை ஒட்டத் துடைத்து, காயவிட்டு, படியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போது அந்தத் தாளைத் தரையில் விரித்தாள். கறுப்பு மைக்கு நடுவே எழுத்துகள் வெள்ளையாகத் தெரிந்தன.

'இக்கல் உலராமே நெய் அட்டுவோமாக நேர்ந்தோம் ஊரோம். உலர்த்தினார் தம் நிணம் அட்டுவார்.'

அட்டுவது என்றால் ஊற்றுவது. நிணம் என்றால் உடம்புக் கொழுப்பு. கல்வெட்டின் கடைசியில் சாபம் இருப்பது வழக்கம்தான். இப்படி எத்தனையோ படித்து மேசையில் அடுக்கியிருக்கிறாள். ஆனால் தாளில் அவள் விரல் வைத்த இடமெல்லாம் எண்ணெய் ஊறிக் கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. நகக்கண்களைப் பார்த்தாள். மஞ்சளாகக் கசிந்தது. துடைத்தாள். மறுபடி கசிந்தது.

பொன்னழகுக்குப் போன் செய்தாள். "அக்கா, அந்தக் கல்லுல எண்ணெ ஊத்திருங்களேன். இப்பவே."

"ஊத்திப் பாத்துட்டனுங்க." என்றாள் பொன்னழகு. "உருண்டு உருண்டு மண்ணுக்குப் போவுது. கல்லு வாங்க மாட்டேங்குது. நீங்க புள்ளத்தாச்சியா, புள்ளயப் பெத்தவங்களா?"

"கைப்புள்ள இருக்கு. ஏன்?"

"அப்பக் கல்லுக்கு வாய் அங்கதானுங்க," என்று பொன்னழகு போனை வைத்துவிட்டாள்.

"ஆட்டோ கூட்டிட்டு வாரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்," என்று அழகுராஜா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். கதவு சாத்திக்கொண்டது.

தொட்டிலில் அழுகை நின்றது.

பானுப்ரியா எட்டிப் பார்த்தாள். தமிழ்மதி கண்ணை அகல விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல. கையை. உதடுகள் வெடித்து, நாக்கு உலர்ந்து வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ஐயோ, என் பிள்ளைக்குத் தாகம். கையைச் சேலையில் மறைக்க நினைத்தாள். அதற்குள் குழந்தை எட்டி விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

குடித்தாள். மடக்கு மடக்காகக் குடித்தாள். ஒரு கணம் பானுப்ரியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. குடிக்கிறாளே! எதையாவது குடிக்கிறாளே!

குழந்தையின் நாக்கு விரலில் சொரசொரத்தது. வெதுவெதுப்பாக. அந்தக் கல்லாக.

இழுத்தாள். வரவில்லை.

வலிக்கவில்லை. அதுதான் பயங்கரம். விரலின் தோல் தளர்ந்தது. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு. எலும்பின் மேல் தோல் ஈரத்துணியாகத் தொங்கியது. சிக்கு வாடை அறையை அடைத்தது. கத்த வாயைத் திறந்தாள். ஏப்பம்தான் வந்தது. நெய் ஏப்பம்.

தமிழ்மதி வாயை எடுத்தாள். மோவாயில் மஞ்சள் வழிய, அம்மாவைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். காலியான கையை ஒதுக்கிவிட்டு, பால் குடிக்கும்போது வழக்கமாகத் தேடுவது போலவே, இரண்டு கைகளாலும் அம்மாவின் மார்பைத் தேடினாள்.