காலியான ஆணி

வாயில் குடிசையின் பலகைச் சுவரில் ஓர் ஆணி காலியாக இருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் நோரீனின் பழைய காரைத் தவிர வேறு வண்டியே இல்லை.

நவம்பரில் பெம்ரி முனைப் பூங்காவுக்கு வருகிறவர்கள் அந்தச் சுவரில் தொங்கும் ஆரஞ்சு மேலங்கிகளில் ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள், திரும்பும்போது அதே ஆணியில் தொங்கவிட்டுப் போவார்கள். மான் வேட்டைக் காலம். ஆரஞ்சு தெரிந்தால் மனிதன், தெரியாவிட்டால் மான். அமெரிக்காவின் மேய்ன் கடற்கரையில் நண்டு வாளி தூக்குகிற குழந்தைக்குக்கூட அது தெரியும். எந்தப் புண்ணியவானோ அங்கியை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டான் என்று நோரீன் நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அவளிடம் தெம்பில்லை. முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க நின்று, மாற்று ஆள் வராததால் பகலிலும் பாதி நின்று, வீட்டுக்குப் போன கையோடு புருஷனைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

எல்வுட்டுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகிறது. பேச்சு திரும்பிவிட்டது. கிண்டல் அதற்கும் முன்பே திரும்பிவிட்டது. இடது கையும் இடது காலும்தான் திரும்பவில்லை. ஒரு வாரமாகக் கடலைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம்.

"கைய நீட்டு," என்றாள், அவன் தொப்பியைச் சரிசெய்து, அங்கியை மாட்டிவிட்டபடி.

"எந்தக் கைய? இவன் துரை, நீட்ட மாட்டான். நீதான் தூக்கணும்."

தூக்கினாள். சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவது முதல் சீட் பெல்ட் போடுவது வரை அந்தக் கையைத் தூக்கித் தூக்கி அவள் தோள் விட்டுப்போயிருந்தது.

ஊசியிலை மரங்களுக்கு நடுவே போனார்கள். தடி ஊன்றும் சத்தம், அடுத்து கால் இழுபடும் சத்தம். டொக், சர்ர். டொக், சர்ர். ஒரு வருஷமாக வீட்டு நடையிலும் அடுக்களையிலும் அவள் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் சத்தம். அது ஒரே ஒரு நாள் நின்றால் போதும் என்று சில விடியற்காலைகளில் அவள் நினைத்ததுண்டு. எப்படி நிற்கவேண்டும் என்று மட்டும் நினைக்காமல் பார்த்துக்கொள்வாள்.

புல்வெளியில் அந்தக் குழிகள் இருந்தன. பல நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய முதல் கூட்டம், வீடு கட்ட நேரமில்லாமல் மண்ணைத் தோண்டி அதற்குள் ஒரு குளிர்காலத்தைக் கழித்த இடம். சுற்றிலும் கயிறு கட்டி, பக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள். எல்வுட் வழக்கம்போல் சத்தமாக வாசித்தான். வசந்தத்தில் கப்பல் வந்ததாம். கரை வரைக்கும் தன் காலால் நடந்து வந்தவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனதாம். மற்றவர்கள் குழியிலேயே கிடந்து செத்தார்களாம்.

"என்னைய விட்டுட்டுப் போயிருப்பானுங்க," என்றான்.

"கப்பல்காரன் எதுக்கு? நானே விட்டுட்டுப் போயிருப்பேன்."

எல்வுட் தடி குலுங்கச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சங்கடமாக இருந்தது.

"நான் இந்த பெஞ்சுல சித்த உக்காருறேன். நீ போய் கடலப் பாத்துட்டு வா. கயித்தத் தாண்டாத."

"சரிங்க தாயே."

டொக், சர்ர். அது கேட்கிறவரை கவலையில்லை. அழுகிய கடற்பாசி வாடை வந்தது. தூரத்தில், கப்பல்களுக்கு வழிகாட்டக் கடலில் கட்டிவிட்ட மிதவையின் மணி அலைக்கு அலை அடித்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடினாள். ஒரே நிமிஷம் என்றுதான் மூடினாள்.

விழித்தபோது மணி கேட்கவில்லை. மூடுபனி புல்லை விழுங்கி, பெஞ்சின் கால் வரை வந்திருந்தது. நவம்பர் இருட்டுக்கு அவசரம் அதிகம், மாலை என்று ஒன்று இருக்கவே விடாது. தடிச் சத்தம் இல்லை. எந்தச் சத்தமும் இல்லை.

"எல்வுட்?"

தூங்கிவிட்டேன், அந்த மனுஷனை இருட்டில் விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். கயிற்றைப் பிடித்தபடி ஓடினாள். புல் வழுக்கியது. செல்போன் காரில் கிடந்தது.

அப்போது ஆரஞ்சு தெரிந்தது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், குழியின் விளிம்பில், முதுகு காட்டி நின்றிருந்தான். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"காதும் போச்சா இப்ப? கயித்தத் தாண்டாதன்னு சொன்னேன்ல!"

சட்டைக் கையைப் பிடித்தாள். நனைந்து கனத்தது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த நிலவறையைத் திறந்த வாடை.

"விழுந்தியா? தடி எங்க?"

அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கோபம் போலிருக்கிறது. இழுத்ததும் கூடவே வந்தான். கையைப் பிடித்து, மரங்களுக்கு நடுவே, வாயில் பக்கமாக நடத்திக்கொண்டு போனாள். சுலபமாக இருந்தது. தோளில் பாரமே விழவில்லை. ஒரு வருஷமாக இல்லாத ஓர் அமைதி காதில் இருந்தது, அது என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிடித்துப் பார்க்கவும் அலுப்பாக இருந்தது.

"சும்மாதான் சொன்னேன், எல்வுட். உன்னைய விட்டுட்டு எங்க போவேன்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சூப் வச்சுத் தரேன்."

அவன் இன்னும் வேகமாக நடந்தான்.

அங்கியைத் திருப்பி மாட்ட யாருக்குப் பொறுமை? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். காருக்குள் அவனை உட்கார்த்தி, தன் பக்கம் ஏறி, சாவியைத் திருப்பினாள். உள் விளக்கு எரிந்து நாளாகிறது. ஹீட்டர் இரைந்தது. சூடு கிளம்பியதும் மண் வாடை காரெங்கும் நிறைந்தது. பெல்ட் போட்டுவிடத் திரும்பினாள்.

அவன் ஹீட்டரில் குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

இரண்டு கைகளாலும்.

வேகமானியின் மங்கல் வெளிச்சத்தில், பத்து விரல்களும் விரிந்திருந்தன. நகங்களுக்குள் கறுப்பு மண். அரை நொடி, அரை நொடிதான், அவள் மனம் குளிர்ந்தது. கை வந்துவிட்டது.

வெளியே, பனிக்குள்ளிருந்து.

டொக். சர்ர்.

அவள் வெளிப்பக்கம் திரும்பினாள்.

டொக். சர்ர்.

அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே ஆரஞ்சு வந்து நின்றது. நல்ல கை கண்ணாடியில் பதிந்தது. எல்வுட்டின் முகம். தொப்பி இல்லை. உதடு நீலம்.

"நோரீன், கதவத் திறடி. குளிருது."

திறக்கக் கையை நீட்டினாள். அந்தக் கைமேல் ஒரு கை விழுந்தது. ஈரம். பனிக்கட்டிச் சில்லிப்பு. மெல்ல, பிரியமாக, அவள் கையைக் கியருக்குக் கொண்டுபோய் இழுத்துவிட்டது.

"நான் என் கால்லயே நடந்து வந்தேன்," என்றது பக்கத்து இருக்கை.

பிரேக்கின் மேல் அவள் கால் இருந்தது. அழுத்தவேண்டும். அழுத்தினால் போதும். ஒரு வருஷத்து அலுப்பெல்லாம் அந்தக் காலுக்கு இறங்கி வந்தது; கால் பிரேக்கிலிருந்து நழுவியது.

கார் நகர்ந்தது.

பின்னோக்குக் கண்ணாடியில் ஆரஞ்சு சாய்ந்து சாய்ந்து வந்துகொண்டிருந்தது. டொக், சர்ர். டொக், சர்ர். வேகமாக. இன்னும் வேகமாக. அப்புறம் ஆரஞ்சு தரையில் விழுந்தது. சர்ர் மட்டும், மண்ணோடு மண்ணாக, நெடுநேரம்.