இரத்தம் சொட்டிய பெயர்

டிரிங்... டிரிங்...!

மருதனார்மடம் சந்தி அச்சகத்தில் தொலைபேசி அலறியது.

வடிவமைப்பாளர் நிவேதனா எடுத்தாள்.

"பிள்ளை! ஆழ்வாப்பிள்ளையின்ரை செத்த நோட்டீசிலை என்ன ரத்தம்?"

ரிசீவரைக் கீழே வைத்தாள்.

சண்டிலிப்பாய் ஆழ்வாப்பிள்ளை. கிணற்றில் தவறி விழுந்து செத்தவர். அவருடைய மரண அறிவித்தல் விடியவே ஊரெல்லாம் ஒட்டியாயிற்று!

கணினியில் கோப்பைத் திறந்தாள்.

எல்லா எழுத்தும் கறுப்பு. ஒரே ஒரு பெயர் மட்டும்...

'மருமகன் சோமசேகரம்'... சொட்டச் சொட்ட இரத்தம்!

"ஐயோ... என்ரை ஸ்கிரிப்ட்!"

முதலாளி இன்னாசித்தம்பி ஓடிவந்தார்.

"என்ன கோதாரி செய்தனீ?"

"இருவது பேய் நாடகப் போஸ்டர் அண்ணை. ஒவ்வொண்டாச் செய்யப் பஞ்சி. 'தலைப்பு' எண்டு பேர் வைச்ச லேயர், அதான் எழுத்து இருக்கிற அடுக்கு, எல்லாத்துக்கும் ரத்தம் ஒழுகுற எஃபெக்ட் போடச் சொல்லி, கொம்பியூட்டருக்குக் கட்டளை ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டனான்."

"அதுக்கு?"

"சோமசேகரத்தின்ரை பேரிலை எழுத்துப்பிழை. திருத்தேக்கை, நாடகத் தலைப்பு லேயரைக் கொப்பி பண்ணி, அதுக்குள்ளை அவரின்ரை பேரை அடிச்சனான். லேயரின்ரை பேரை மாத்தேல்லை. நோட்டீசும் அதே ஃபோல்டருக்கை கிடந்தது!"

"அச்சடிக்கேக்கை பாக்கேல்லையோ?"

"அச்சடிச்சது நீங்கள் அண்ணை!"

இன்னாசித்தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

வாசலில் பொலிஸ் ஜீப்!

இன்ஸ்பெக்டர் சிமியோன் உள்ளே வந்தார்.

"ஆர் நிவேதனா?"

நிவேதனா எழுந்து நின்றாள். வேலை போனது நிச்சயம். மறியலில் கம்பியும் எண்ண வேண்டுமா...?

"நான்தான் சேர்... தெரியாமல்..."

"தெரியாமலோ? உமக்கு ஆர் சொன்னது?"

"எதை சேர்?"

"மாமனைக் கிணத்துக்கை தள்ளினது சோமசேகரம் எண்டு!"

சிமியோன் கையிலிருந்த நோட்டீசை மேசையில் விரித்தார்.

"நோட்டீசைக் கண்டிட்டு ஸ்டேசனுக்கு ஓடிவந்தான். 'அச்சகத்துக்கே தெரிஞ்சுபோச்சு, ஊரெல்லாம் ஒட்டிப்போட்டினம்' எண்டு குழறி, எல்லாத்தையும் கக்கிப்போட்டான். புகையிலைக் காணியை மாமன் எழுதிக் குடுக்கேல்லையாம்!"

"சேர்... அது லேயர்ப் பிழை!"

விழி பிதுங்க, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

சிமியோன் திரையையே பார்த்தார். மெல்லக் கதிரையை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் அமர்ந்தார்.

"பிள்ளை, ஸ்டேசனிலை முப்பது கேஸ் முடியாமல் கிடக்கு. சந்தேகமான ஆக்களின்ரை பேர் சொல்லுறன்... உந்த ஸ்கிரிப்டை ஒருக்கா ஓட்டிவிடும்!"