பூங்கோதை கொடுத்த காடு

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே ஐயம். பாதியை நான் பார்த்ததே இல்லை, கேட்டது மட்டும்தான். சரிபார்க்கலாம் என்றால், சொன்னவளுக்கே அதில் ஒரு சொல்லும் தெரியாமல் போய்விட்டது.

அப்போது மலைக்குப் போகிறவர்கள் வீட்டுவண்டியில்தான் போக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ஏறி உட்கார்ந்தால் அது தானாக ஓடும், மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகாது. காலையில் ஏதாவது ஒரு வளைவில் நிற்கும். என் மனைவி பூங்கோதை உள்ளேயிருந்த சிறு அடுப்பில் ரவை கிளறுவாள். நான் மடக்கு நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடுவேன். சாப்பிட்டபடியே எதிர்ச்சரிவைப் பார்ப்போம். பெருந்தீ அணைந்து பதினாறு வருடங்கள் ஆகியும் அது கருப்பாகவே நின்றது.

“இந்த வண்டிக்கு மாட்டக் கட்டியிருந்தாக்கூட இந்நேரம் குன்னூரு போயிருக்கலாமுங்க.”

“உனக்கு என்ன அவசரம்?”

“அவசரமில்லீங்க. இந்தக் கரியப் பாத்துப் பாத்து, உள்ள இருக்கற பச்சையும் போயிருமோன்னு பயமா இருக்குது.”

அந்தப் பச்சையைக் கொடுக்கத்தான் வந்திருந்தோம். மீள்காடு திட்டம் என்று பெயர். எரிந்த காட்டை முன்பு இருந்தபடியே, மரத்துக்கு மரம் நட வேண்டும். படங்கள் உதவவில்லை. அவற்றில் மனித முகங்கள் தெளிவாகவும் மலை பின்னால் மங்கலாகவும் இருந்தன. எனவே, காட்டைப் பார்த்தவர்களிடம் நினைவைக் கேட்டார்கள். நான்கு நாள் மெதுவாகச் சுற்றினால் பழையது கிளர்ந்து மேலே வரும். ஐந்தாம் நாள் மலைரயிலில் உட்கார வைத்து, நினைவுவாங்கி என்ற கருவியால் படித்துக்கொள்வார்கள். படிக்கப்பட்ட நினைவு கொடுத்தவரிடம் தங்காது. அழிந்துவிடும்.

பூங்கோதை அந்தத் தண்டவாளத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். ஹில்குரோவிலிருந்து கீழே தினமும் சுத்தியலோடு நடந்து, தளர்ந்த ஆணிகளை அடித்து இறுக்குவாள். நான் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தேன். மாதம் ஒருமுறை மேலே போவேன், ஒரு நாள் தங்குவேன். மகள் வெயினி அவளோடு ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தாள். ஒன்பது வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பூங்கோதை மாற்றல் வாங்கிக் கீழே வந்தாள். அதன்பின் முப்பது வருடங்களில் அவள் வெயினியைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. மழை வருமா, மாத்திரை போட்டாயா, அதற்கு மேல் எங்கள் பேச்சு போனதில்லை.

ரயில் பெட்டியில் நாங்கள் இருவரும் ஷெரினும்தான். கருவியை இயக்கத் திட்டத்திலிருந்து வந்த கோத்தகிரிப் பெண். பூங்கோதையின் நெற்றியில் நினைவுவாங்கியின் மெல்லிய பட்டையைக் கட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“மரம், செடி, பாறை. இது மட்டும் பேசட்டும் ஐயா. மனுஷங்க பேச்ச எடுத்துராதீங்க. எடுத்தா அவங்களும் சேந்து வந்துருவாங்க. நடுவுல நிறுத்தவும் முடியாது. கவனமா இருக்கணும், அதுக்குத்தான் கூட ஒருத்தர உக்கார வெக்கிறோம்.”

“அவரு பேசமாட்டாரு கண்ணு,” என்று சிரித்தாள் பூங்கோதை. “கல்யாணத்தன்னிக்கே என்னோட நாலு வார்த்தைதான் பேசுனாரு.”

ரயில் குன்னூரிலிருந்து இறங்கத் தொடங்கியது. வெளியே கரிக்கட்டைகள். அவள் அவற்றைப் பார்த்தே சொன்னாள். பாலத்தை ஒட்டி மூன்று நாவல், அதில் நடுமரம் சாய்ந்தது. ரயில் குகைவாயின் இடப்பக்கம் ஈட்டி மரம். நீர் கசியும் பாறையில் பெரணி. நான் கேட்டிராத குரல் அது. வீட்டில் பத்து நாளில் பேசுவதை ஒரு வளைவில் பேசினாள். மரங்களுக்குக் கிடைத்த அந்தப் பேச்சு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை என்று தோன்றியது. பொறாமை என்று அதைச் சொல்லலாமா, தெரியவில்லை.

ஹில்குரோவ் தாண்டியதும் கேட்டேன்.

“வெயினி எங்க உக்காருவா?”

ஷெரின் உள்ளங்கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள். அதைப் பார்த்தேன். பார்த்தும் மறுபடி கேட்டேன். “லீவு நாள்ல உங்கூட வருவால்ல?”

பூங்கோதையின் முகம் திறந்துகொண்டது. “அதுங்கூடத் தெரியாதுங்களா? அந்த நாவமரத்தடியிலதான். கொய்யாக்காயில உப்பத் தொட்டுக்கிட்டு, வர்ற கொரங்குக்கெல்லாம் ஒரு பேரு வெப்பா. நான் ஆணி அடிச்சா எதிர எதிரொலி வருமில்ல, ‘அம்மா, மலையும் வேல செய்யுது பாரு’ம்பா…” கல்லாறு வரும்வரை சொன்னாள். முதல் பல் விழுந்தது, சேலை நுனியைப் பிடித்து நடந்தது, கடைசி இரவில் தண்ணீர் கேட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். ஷெரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, பசித்தவன் சாப்பிடுவதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஒரு படத்தோடு வந்தாள்.

“ஏனுங்க, யாரு இந்தப் புள்ள? லட்சணமா இருக்குது.”

“தெரிஞ்சவங்க புள்ள,” என்றேன்.

“நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?” என்றபடி அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பூங்கோதை அதன்பின் ஏழு வருடம் இருந்தாள். நன்றாகத் தூங்கினாள், அக்கம்பக்கத்தாரோடு கலகலப்பாகப் பேசினாள். போன ஐப்பசியில் இறந்தாள். ஷெரின் அந்த வேலையை விட்டுவிட்டு நாற்றங்காலில் சேர்ந்துவிட்டாள். ஹில்குரோவுக்குக் கீழே மரங்கள் பூங்கோதை சொன்ன வரிசையிலேயே ஆள் உயரம் வளர்ந்திருக்கின்றன. நான் கோபியில் எங்கள் வீட்டில் தனியாக இருக்கிறேன். வெயினியை அறிந்தவர் இப்போது யாரும் இல்லை. அவளைப் பற்றிக் கேட்டவன் ஒருவன் மட்டும் இருக்கிறேன்.