காயாத சட்டை

எதிர்வீட்டுக் கொடியில் எல்லாத் துணியும் காய்ந்துவிட்டது, ஒரே ஒரு சட்டையைத் தவிர.

அன்றைக்கு அடித்த வெயிலுக்குத் துணி என்ன, ஏரியே பாதி வற்றியிருக்க வேண்டும். நாரைகள்கூடத் தண்ணீர் சுடுகிறதோ என்று ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுகாலை இறக்கின. கொடியில் கிடந்த போர்வையும் துண்டுகளும் அட்டைபோல விறைத்து, காற்றடிக்கும்போதெல்லாம் யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி சத்தம் போட்டன. கோடியில் தொங்கிய நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் அசையவில்லை. அதன் கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தபோதும் சொட்டியது. நேற்று மாலை பார்த்தபோதும்.

அவள் தொலைநோக்கியை இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள்.

தையல்காரி அவள். அக்கரையில் நடந்து போகிறவனின் கால்சட்டையில் ஒரு தையல் விட்டிருந்தால் இக்கரையில் அவளுக்கு விரல் அரிக்கும். எந்தத் துணி எவ்வளவு நேரத்தில் காயும் என்கிற விஷயத்தில் சூரியனே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கும். அப்படிப்பட்டவளின் கண்ணெதிரே ஒரு சாதாரணப் பருத்திச் சட்டை காயமாட்டேன் என்று தொங்குவது, கிட்டத்தட்ட மூஞ்சிக்கு நேரே செய்கிற அவமரியாதை.

ஏரி அந்த இடத்தில் முழங்கையை மடக்கியதுபோல வளைந்து உள்ளே வரும். வளைவின் இந்தப் பக்கம் அவள் வீடு, அந்தப் பக்கம் அவர்கள் வீடு. நடுவில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீர். இந்தக் கோடையில்தான் குடிவந்தார்கள், கணவனும் மனைவியுமாக இரண்டே பேர். பெயர் தெரியாது, அதனால் என்ன, அவளே வைத்துவிட்டாள். அவர் ஒல்லி, அநியாய நீளம். உட்காரும்போது தன்னைத்தானே சுருட்டிக்கொள்வாரோ என்று தோன்றும். அவர் இஞ்சு டேப். மனைவி குள்ளம், உருண்டை, எந்தப் பக்கம் திரும்பினாலும் பளபளப்பு. அவள் பொத்தான்.

மாலையானால் இருவரும் வராந்தாவில் விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள். இஞ்சு டேப் ஏதோ சொல்வார். பொத்தான் சிரிக்கிற சிரிப்பில் ஏரித் தவளைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு நகைச்சுவை என்ன என்று காத்திருக்கும். அவர்கள் தட்டு வைத்த பிறகுதான் இவளும் ஜன்னலோரம் தன் ஒற்றைத் தட்டை வைப்பாள். அவர்கள் கை கழுவும்போது இவளும் கழுவுவாள். அங்கே சிரிப்பு கேட்டால், என்னவென்று தெரியாமலேயே, கொஞ்சம் தாமதமாக இவளும் சிரித்துவைப்பாள். நடுவில் ஒரு ஏரி கிடந்தால் என்ன, மூன்று பேர் சேர்ந்து சாப்பிட்டதாகத்தானே ஆகிறது.

தொலைநோக்கி அவளுடைய வீட்டுக்காரருடையது. படகு மோட்டார் ரிப்பேர் செய்தவர் அவர். தும்மினால் கரையில் கட்டிய படகுகள் ஆடும். வாழ்நாள் முழுக்க மோட்டார்களை இடது தோளிலேயே தூக்கிச் சுமந்ததில் அந்தத் தோள் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. எந்தக் கடைச் சட்டை போட்டாலும் ஒரு பக்கம் சரிந்த கூரைபோல இருக்கும். அதனால் அவள் தைக்கிற சட்டைகளில் இடது தோளுக்கு உட்புறம் இரண்டு அடுக்குத் துணி கூடுதலாக வைத்துத் தைப்பாள். போட்டால் இரண்டு தோளும் நேராக நிற்கும். ஆள் உயரம் என்பதால் அவர் குனிவார். அவள் தோள் தையல்கள் இரண்டையும் விரலால் இழுத்து உட்கார வைப்பாள். உடனே, "கச்சிதம்" என்பார். ஒருமுறை ஒரு கை குட்டையாகிவிட்டது, அதற்கும் கச்சிதம்தான்.

"உங்களுக்கு ஜன்னல் திரையைச் சுத்தி விட்டாலும் கச்சிதம்னுதான் சொல்லுவீங்க."

"சுத்தினது நீதானே?"

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் யாருடைய மோட்டாரையோ ஓட்டிப் பார்க்க ஏரிக்குள் போனார். படகு மட்டும் திரும்பி வந்தது. ஆட்கள் நாள்கணக்கில் கொக்கி போட்டுத் தேடினார்கள். ஏரி கொடுக்கவில்லை. அன்றைக்கு அவர் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை.

நீலக் கட்டம் ஊர் உலகத்தில் ஆயிரம் பேரிடம் இருக்கும், என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்போது வெயில் இறங்கிக் கொடிக்குப் பின்னால் வந்தது. ஒளி சட்டைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. கட்டங்கள் கண்ணாடிபோல மின்னின. இடது தோளில் மட்டும் வெளிச்சம் புகவில்லை. அங்கே, உள்ளங்கை அகலத்துக்கு, இருட்டாக ஒரு ஒட்டு.

தொலைபேசி அடித்தது. அவள் அலறியே விட்டாள்.

"அம்மா, நாளைக்குக் காலையில உன்னைக் கூட்டிட்டுப் போக வண்டியோட வரேன். போன தடவை மாதிரி மெஷின் பின்னாடி ஒளிஞ்சுக்காத." மகள்.

"யாருடி ஒளிஞ்சா? ஊசி தேடிட்டு இருந்தேன்."

"ரெண்டு மணி நேரமாவா?"

"சின்ன ஊசி."

மகள் சிரித்தாள், பிறகு குரலை இறக்கினாள். "கூரை ஒழுகுதுன்னு நீதானே சொன்ன. அந்த ஓதத்துல தனியா எத்தனை நாள் கெடப்ப? அப்பா இனிமே வரமாட்டாரும்மா."

தாயின் வழக்கெல்லாம் அந்த ஒரு வரியில்தான். அவள் போய்விட்டால், ஒருவேளை அவர் வந்தால், யார் கதவைத் திறப்பது? நாளை காலையோடு அந்தக் கேள்வியைப் பூட்டிச் சாவியை மகள் கைப்பையில் போட்டுக்கொள்வாள்.

கூரை விஷயமும் அவளுக்கு முழுதாகப் புரியவில்லை. அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் தரை தினமும் நனைந்திருந்தது. ஒழுகுகிறது என்று அங்கே ஒரு பேசின் வைத்தாள். மறுநாள் பார்த்தால் பேசினுக்குள் ஒரு சொட்டும் இல்லை. சுற்றிலும் தரை ஈரம். பாசி வாடை.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பொத்தான் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அட, ஜன்னல் அக்கா! வாங்க, வாங்க. என்னங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க!"

"ஜன்னல் அக்காவா?"

"கோவிச்சுக்காதீங்க. பேர் தெரியாதா, எப்பப் பாத்தாலும் ஜன்னல்லயே இருக்கீங்களா... நாங்களா வெச்சுக்கிட்டோம்."

அவளுக்குக் காது சூடானது. "அந்தச் சட்டை..."

"உங்களுதா?" இஞ்சு டேப் கொடியிலிருந்து அதை உருவிக்கொண்டு வந்தார். கிட்டத்தில் பார்த்தால் இன்னும் நீளம். "படித்துறையில வந்து ஒதுங்குச்சு. எடுத்து அலசிப் போட்டேன். என்ன துணியோ, காயவே மாட்டேங்குது! பிழிஞ்சு பிழிஞ்சு என் கை நீண்டதுதான் மிச்சம்."

"இனிமே நீளறதுக்கு இடம் எங்க இருக்கு?" என்றாள் பொத்தான்.

மூவரும் சிரித்தார்கள். இந்த முறை அவள் தாமதிக்கவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அடுத்தவர் சிரிக்கும்போதே சிரித்தாள். இவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறது இது. இந்த மண்பாதையைச் சுற்றி வந்திருந்தால் போதும்.

பொத்தான் சட்டையை ஒரு பையில் திணித்துக் கொடுத்தாள். "சீக்கிரம் கொண்டுபோய்க் குடுங்கக்கா. பாவம், வெறும் உடம்போட நிக்கிறார்."

"யாரு?"

"அண்ணன்தான். உங்க வீட்டுக்காரர். சாயங்காலமானா உங்க நாற்காலிக்குப் பின்னாடி வந்து நிப்பாரே. நாங்க கை காட்டினா நீங்களாவது தொலைநோக்கியை மறைச்சுப்பீங்க, அவர் அசையக்கூட மாட்டார். ரொம்பக் கூச்சமோ?"

"தலையைத் துவட்டச் சொல்லுங்க," என்றார் இஞ்சு டேப், உண்மையான அக்கறையோடு. "எப்பவும் சொட்டச் சொட்ட நிக்கிறார். சளி பிடிச்சுக்கும்."

கொடியில் துண்டுகள் படபடத்தன. அவர் செத்துவிட்டார் என்று அவள் சொல்லியிருக்கலாம். கொக்கி போட்டுத் தேடிய நாட்களில், மகளின் அழுகையில், யாரிடமும், ஒருமுறைகூட அந்தச் சொல்லை அவள் வாயால் சொன்னதில்லை.

"சொல்றேன்," என்றாள்.

திரும்பும் பாதை முன்பைவிட நீளமாக இருந்தது. பை ஒரு படகு மோட்டார் கனம் கனத்தது. அதன் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் பின்னாலேயே மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. வெளிச்சம் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. நாணலுக்குள் ஏதோ ஒன்று அவள் நடந்தால் நடந்து, நின்றால் நின்றது, தவளையாக இருக்கும். தன் வீட்டு வாசலில் நின்று ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே நாற்காலியின் முதுகு தெரிந்தது. தையல் மெஷின் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருட்டு, கொஞ்சம் உயரமான இருட்டு. ஓடிவிடலாம். எதிர்வீட்டுக்கே ஓடி, விடியும்வரை அவர்களோடு உட்கார்ந்திருந்து, மகளின் வண்டியில் ஏறிவிடலாம். பொத்தான் ஒரு தட்டு கூடுதலாக வைப்பாள், சந்தோஷமாக வைப்பாள்.

ஆனால் அவர் ஈரத்தில் நிற்கிறார்.

அவள் உள்ளே போனாள். விளக்கைப் போட்டாள். பின்பக்கம் பார்க்காமல் சுவரோரமாகவே நடந்து, நாற்காலியின் முதுகில் சட்டையைக் கை மடியாமல் விரித்து மாட்டிவிட்டு, ஏரியைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அக்கரையில் வராந்தா விளக்கு எரிந்தது. தட்டுகள் வந்தன. சட்டையிலிருந்து தரையில் நீர் சொட்டும் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு நின்றது.

நாற்காலி லேசானது.

ஈரத் துணி உடம்பில் ஏறும் சத்தம். இழுத்து, ஒட்டி, மறுபடி இழுத்து. அவளுக்குத் தெரியாத சத்தமா அது. பிறகு பொத்தான்கள். நகம் படும் சின்னச் சொடுக்கு. ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லை.

"வந்துட்டீங்களா?" என்றாள். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

பாசி வாடை இறங்கி வந்தது, அவள் தலைமேல், காதோரம். குனிகிறார். எப்போதும் குனிகிற மாதிரி.

அவளுக்கு அழுகை வந்தது. திரும்பாமலே இரண்டு கைகளையும் தூக்கிப் பின்னால் நீட்டினாள், தோள் தையலை உட்கார வைக்க. வலது கை வலது தோளைத் தொட்டது. சில்லென்று, சரியாக இருந்தது. இடது கை இடது தோளைத் தொட்டது.

மேடு.

அவள் வைத்த ஒட்டு, நிரப்ப வேண்டிய பள்ளம் இல்லாமல், கூனல்போலத் துருத்திக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தாள். தடவினாள். மறுபடி தடவினாள். இரண்டு தோளும் நேர். கனம் எதையும் சுமக்காத தோள்கள். அளவு பொய் சொல்லாது. இந்த உடம்புக்கு அவள் சட்டை வெட்டவில்லை.

கையை எடுக்க வேண்டும். எடுக்க முடியவில்லை.

அக்கரையில் பொத்தான் எழுந்து நின்றாள். இவளைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு கொஞ்சம் உயர, இவள் தலைக்கு மேலே பார்த்து, இன்னும் உற்சாகமாக. இஞ்சு டேப் தன் சட்டை மார்பைத் தட்டிக் காட்டி, பிரமாதம் என்று கட்டைவிரலைத் தூக்கினார்.

குளிர்ந்த விரல்கள் அவள் முதுகில் பட்டன.

தோளிலிருந்து தோளுக்கு. ஒரு சாண். இன்னும் ஒன்று. நிறுத்தி, நிதானமாக, மனத்தில் பதித்துக்கொள்கிற மாதிரி. பிறகு தோளிலிருந்து மணிக்கட்டுக்கு. பிறகு கழுத்தைச் சுற்றி.

"கச்சிதம்," என்றது.