ஊசியைத் தூக்கிய பிறகும்

உறுமல் போய்விட்டது. ஆனால் ஹெட்போனுக்குள் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிரதோஷ் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பழைய இசைத்தட்டுகளை லேப்டாப்பில் ஏற்றிவைக்க வேண்டும் என்பது அவனுடைய பைத்தியம். தட்டின் மேல் ஓடும் ஊசி தரும் சத்தம் ரொம்ப மெல்லியது; அதைப் பெருக்கித் தர ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். கடையில் வாங்கியது கரண்ட்டில் ஓடி, பாட்டோடு ஒரு உறுமலையும் சேர்த்தே அனுப்பியது. வெறுத்துப்போய், இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வைத்து அவனே ஒன்றைக் கட்டினான். மகள் தாட்சாயிணி எல்கேஜிக்குக் கொண்டுபோன எவர்சில்வர் டிபன் பாக்ஸ்தான் அதற்குப் பெட்டி. பற்றவைத்த ஈயத்தின் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை.

அன்று பௌர்ணமி. அவர்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல் இருந்தது. சாயங்காலமே வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. வண்டிகளை மதியமே நிறுத்திவிட்டார்கள். தாட்சாயிணிக்கு வீசிங், புகை ஆகாது என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தும், கற்பூர வாசனையும் வெறுங்கால்களின் ஓயாத சரசரப்பும் எப்படியோ உள்ளே வந்துகொண்டிருந்தன.

தட்டு, பழைய சாமான் கடை ஜானி பாஷா கொடுத்தது. லேபிள் கிழிந்திருந்தது. "நாயனமா இருக்கும் சார், போட்டுப் பாருங்க" என்றிருந்தார்.

நாயனம் வரவில்லை. ஒரு டம்ளர் விழுந்து தரையில் உருண்டது. பிறகு மனைவி ஹைமவதியின் குரல்: "மருந்த எடுத்துக்கினீங்களா?"

ஹெட்போனைக் கழற்றினான். "இன்னா மருந்து?"

"நான் ஒண்ணும் பேசலியே" என்றாள் அவள் சமையலறையிலிருந்து.

மறுபடி மாட்டிக்கொண்டான். வாசல் கேட் கிறீச்சிட்டது. அப்புறம், தொண்டை கட்டிய ஒரு ஆள் யாரிடமோ கெஞ்சினான். "கொஞ்சம் வழி விடுங்க சாமி… கொழந்த…" எங்கேயும் கேட்டிராத குரல். அதன் பின்னாலேயே அந்த மூச்சு, இப்போது பக்கத்தில், விசிலடித்துக்கொண்டு. அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். எத்தனையோ ராத்திரிகள் தூங்காமல் உட்கார்ந்து கேட்ட மூச்சு. விசில் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நின்றது.

டக்… டக்… டக்… தட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றும் சத்தம்.

ஆனால் ஊசி இன்னும் தட்டில் பாதி தூரம்கூடப் போகவில்லை.

ஊசியைத் தூக்கினான். டக். பேட்டரிகளைப் பிடுங்கினான். டக்.

சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

பிரதோஷ் ஓடினான். பின்னறையில் தாட்சாயிணி படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் திணறல் வருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பச்சைப் பென்சிலோடு அவளை அப்படியே வாரித் தூக்கினான்.

"எங்க தூக்கினு ஓடுறீங்க? நல்லாத்தானே இருக்கா!" ஹைமவதி பின்னாலேயே வந்தாள். "மருந்த எடுத்துக்கினீங்களா?"

கேட் கிறீச்சிட்டது. மருந்தை எடுக்கத் திரும்ப நினைத்தான். அதற்குள் கூட்டம் அவனை இழுத்துக்கொண்டது.

தோள்கள். வியர்வை. கற்பூரம். எல்லாக் கால்களும் ஒரே பக்கம் போயின; ஆஸ்பத்திரி மறுபக்கம். எதிர்த்துத் தள்ளினான், கத்தினான், ஓரடிகூட நகர முடியவில்லை. தாட்சாயிணி இருமினாள்.

"அப்பா… மூச்சு…"

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது.

"கொஞ்சம் வழி விடுங்க சாமி… கொழந்த…"

சொன்ன பிறகுதான் தெரிந்தது. அது அவன் குரல். எவனோ என்று நினைத்தானே, அதே குரல்.

காதோரம் விசில். மெலிந்தது.

"வேணாம்" என்றான். "வேணாம்டா கண்ணு."

இன்னும் மெலிந்தது.

பச்சைப் பென்சில் கீழே விழுந்தது.

சுற்றிலும் ஆயிரம் பேர் மலையைப் பார்த்துக் கைகளைத் தூக்கி, வாயை அகலத் திறந்து அரோகரா போட்டார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

டக்.

டக்.

டக்.